பஸ்ல பாப்பாவுக்கு டயப்பர் மாத்தறது, பக்கத்துல இருக்கறவங்களுக்குத் தொந்தரவு இல்லாம எப்படிங்க பண்றது?

புதுஅம்மா_திருப்பூர்

எல்லாருக்கும் வணக்கமுங்க. சின்ன விசயந்தான், ஆனா ஒரு வாரமா மனசுல போட்டு ஒழட்டிக்கிட்டே இருக்குது, அதான் இங்க கேக்கறேன். எனக்கு வேலை திருப்பூர்ல, அம்மா ஊடு சத்தியமங்கலம். பாப்பாவுக்கு இப்ப ஏழு மாசம். லீவு முடிஞ்சு மறுபடி வேலைக்குப் போகப் போறேன், இனிமே வாரக்கடைசில பாப்பாவத் தூக்கிட்டு நான் மட்டும் பஸ்ல சத்திக்குப் போயிட்டு வரோணும், ஏன்னா எங்கூட்டுக்காரருக்கு ஞாயித்துக்கிழமையும் ஷிப்ட் இருக்கும். அவினாசி, சேவூர், புளியம்பட்டி வழியா போற வண்டி, ரெண்டு மணி நேரத்துக்கு எச்சாவே ஆயிருது.

போன வாரம் அந்த ரூட்ல போனப்ப ஒண்ணு பாத்தேன். அவினாசில ஏறுன ஒரு பொண்ணு, கைக்கொழந்தை, சேவூர் வர்றதுக்குள்ள கொழந்தை வெளிக்குப் போயிருச்சு. அந்தப் பொண்ணு சீட்டு மேலயே ஒரு துண்ட விரிச்சு மாத்த ஆரம்பிச்சுது, பக்கத்துல இருந்த பெரியவரு ஒருத்தரு "இதென்ன பஸ்ஸா கக்கூஸா, எறங்கிப் போயி மாத்து"ன்னு சத்தம் போட்டுட்டாரு. அது ஒரு பேச்சுப் பேசல, பாதி மாத்துன டயப்பரோட கொழந்தைய இடுப்புல தூக்கி வெச்சுட்டு அடுத்த ஸ்டாப்புல எறங்கிருச்சுங்க. அந்த எடத்துல நெழலுகூட இல்ல. பஸ்ல ஒருத்தரும் வாயத் தொறக்கல. அந்தப் பெரியவரு சொன்ன விதம் எனக்குப் புடிக்கல, ஆனா நாத்தம் அடிச்சதும் நெசந்தான், சாப்பாட்டுப் பொட்டலத்தோட உக்காந்திருந்தவங்களும் இருந்தாங்க.

எனக்குத் தெரிய வேண்டியது, பஸ்ல மாத்தலாமா மாத்தக்கூடாதா, மாத்துனா சீட்லயா மடிலயா, பக்கத்துல இருக்கறவங்ககிட்ட என்னன்னு சொல்றது, அழுக்கு டயப்பர என்ன பண்றது. எங்க மாமியாரு டயப்பரே வேண்டாம் துணியே கட்டித் தூக்கிட்டுப் போன்னு சொல்றாங்க. அனுபவப்பட்டவங்க சொல்லுங்க, உங்க எல்லாருக்கும் புண்ணியமாப் போகும்.


விசில்_அண்ணன்

தங்கச்சி, நான் இந்தப் பக்கம் மப்சல் வண்டில, அதாவது ஊரு உட்டு ஊரு போற வண்டில, கண்டக்டரா இருக்கறனுங்க. மொதல்ல பயத்த உடுங்க. கொழந்தை வெளிக்குப் போயிருச்சுன்னு ஒரு தாயி நடுவழில எறங்கறத எந்த கண்டக்டரும் பாத்துக்கிட்டு இருக்கக்கூடாதுங்க, அந்த வண்டில நான் இருந்திருந்தா எறங்க உட்டிருக்க மாட்டேன்.

ஏறும்போதே எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்க. "அண்ணா கைக்கொழந்தை இருக்குது, நடுவுல மாத்த வேண்டி வந்தா சித்த பாத்துக்கோங்க"ன்னு சொன்னாப் போதும், அதுக்குத் தக்கன எடம் போட்டுத் தருவோம். டிரைவருக்குப் பின்னாடி ரெண்டாவது மூணாவது சீட்டு நல்லது. கடைசி சீட்டு மட்டும் வேண்டவே வேண்டாம், ஸ்பீடு பிரேக்கர்ல ஏறி எறங்கும்போது பெரியவங்களையே தூக்கி அடிக்கும், கொழந்தைய மடில படுக்க வெச்சிருந்தா என்னாகும்னு நெனச்சுப் பாருங்க. சக்கரத்துக்கு மேல இருக்கற சீட்டும் அப்படித்தான், கால ஊனி உக்கார முடியாது.

நேரம் நெம்ப முக்கியமுங்க. காலைல பள்ளிக்கூடம், காலேஜ், பனியன் கம்பெனி எல்லாம் ஒண்ணாப் போற நேரத்துல வந்தீங்கன்னா நிக்கவே எடம் இருக்காது, உங்க தலைக்கு மேல நாலு பேரு கம்பியப் புடிச்சுத் தொங்கிக்கிட்டு இருப்பாங்க. பத்தரை மணிக்கு மேல வாங்க. கவர்மெண்ட் டவுன் பஸ்ல 2021ல இருந்து பொம்பளைங்களுக்கு டிக்கெட் இல்லைங்கறதால எப்பவுமே கூட்டந்தான், அது நல்ல விசயம், ஆனா கொழந்தைக்கு மாத்தறதுக்கு மப்சல் வண்டிதான் தோது.

தனியார் வண்டில நடுவழில நிறுத்தச் சொல்லாதீங்க. பின்னாடி வர்ற வண்டிக்கும் எங்களுக்கும் நிமிசக் கணக்கு, டிரைவரு மனசு இருந்தாலும் நிறுத்த முடியாது. ஆனா பஸ் ஸ்டேண்டுக்குள்ள போயிட்டா எப்படியும் நிப்போம், அவினாசிலயோ புளியம்பட்டிலயோ வண்டி நிக்கற நேரத்துல சீட்ல உக்காந்தபடியே மாத்திருங்க. வண்டி ஓடறப்ப மாத்தறத உட அதுதான் பத்திரம். ஆனா பஸ் ஸ்டேண்டு வர்ற வரைக்கும் கொழந்தை அழுதுக்கிட்டே இருக்கோணும்னு இல்ல, முடியாதுன்னா ஓடறப்பவே மாத்துங்க, நாங்க மெதுவா ஓட்டச் சொல்றோம்.

இன்னொண்ணு, இத கோவமாவே சொல்றேன். தயவுசெஞ்சு ஜன்னல் வழியா வீசாதீங்க. பின்னாடி டூவீலர்ல வந்த ஒருத்தரு மேல போயி உழுந்து அவரு தடுமாறுனத நானே பாத்திருக்கறேன். எங்கிட்ட கேட்டா ஒரு கவரு தருவேன்.

அப்பறம், கவர்மெண்ட் பஸ்ல 2022ல இருந்து 5 வயசு வரைக்கும் கொழந்தைக்கு டிக்கெட் இல்லீங்க, அதுக்கு முன்ன 3 வயசு வரைக்குந்தான் அந்தச் சலுகை இருந்துச்சு. டிக்கெட் இல்லாத கொழந்தைய சீட்ல படுக்க வெச்சா நிக்கறவங்களுக்குக் கோவம் வருது, சண்டை பாதி அதுலதான் ஆரம்பிக்குது. கூட்டமா இருந்தா மடியோட முடிச்சுக்கோங்க.


கோபி_செல்வி

அக்காவோ தங்கச்சியோ தெரியல, நான் ரெண்டு புள்ளைகளையும் பஸ்லயேதான் தூக்கித் திரிஞ்சு வளத்தேன் அதனால சொல்றேன். மடிலதாங்க மாத்தோணும். சீட்ல வேண்டாம். காரணம் அடுத்தவங்களுக்காக மட்டும் இல்ல, அந்த சீட்டு என்ன சுத்தத்துல இருக்குதுன்னு நமக்குத் தெரியாது, வெத்தலை துப்புனவங்க கால் வெச்சவங்க எல்லாரும் உக்காந்த எடம், பாப்பாவோட வெறும் ஒடம்பு அதுல படக்கூடாது.

எப்படின்னா, ஜன்னல் பக்கம் உக்காந்துக்கோங்க. ரெண்டு காலையும் முன்சீட்டுக்கு அடில ஊனி முட்டிய சேத்து வெச்சுட்டு மேல ரப்பர் ஷீட், அதுக்கு மேல ஒரு பழைய வேட்டித்துணி. பாப்பாவோட தல உங்க முட்டிப்பக்கம், கால் உங்க வயித்துப்பக்கம் வர்ற மாதிரி படுக்க வெச்சா அது உங்க மொகத்தப் பாத்துட்டே இருக்கும், அழாது, நீங்களும் ஒரு கையால காலத் தூக்கிப் புடிச்சுக்கலாம். பழசக் கழட்டறதுக்கு முன்னாடியே புதுச அடில விரிச்சு வெச்சிருங்க. இது நெம்ப பேருக்குத் தெரியறதில்ல. பழசத் தொறந்து, அதோட முன்பக்கத்த வெச்சே ஒரு தாட்டி வழிச்சு உள்ளாற மடிச்சுட்டீங்கன்னா முக்காவாசி அழுக்கு அதுலயே போயிரும். அப்பறம் துடைக்கறது. பொம்பளப்புள்ளைங்கறதால முன்னால இருந்து பின்னாலதான் துடைக்கோணும், பின்னால இருந்து முன்னால இழுத்தா ஒண்ணுக்குப் போற எடத்துல கிருமி ஏறிரும். துடைச்சு முடிச்சதும் பழச அடில இருந்து உருவிட்டா புதுசு அங்கயே தயாரா இருக்கும். ஒட்டறதுக்கு ரெண்டு செகண்டு.

பஸ்ஸுக்கு ஒட்டற டைப் டயப்பர் வாங்கிக்கோங்க. பேன்ட் டைப் ஊட்டுக்கு சௌகரியந்தான், ஆனா பஸ்ல அத மாட்டறதுக்கு ஜட்டி மாதிரி ரெண்டு காலையும் நுழைக்கோணும், குலுங்கற வண்டில பெரிய ரோதனை. கைல பேன்ட் டைப்தான் இருக்குதுன்னா கழட்டும்போது கால் வழியா உருவாதீங்க, ரெண்டு பக்கத்துத் தையலையும் கிழிச்சுட்டு எடுங்க, இல்லாட்டி தொடை பூரா பூசிக்கும்.

வைப்ஸுக்கு காசு கொட்ட வேண்டாம். நீங்க இருக்கறது திருப்பூரு, பனியன் கட்டிங் வேஸ்ட்ல வெள்ளைத்துணியாப் பாத்து ஒரு கிலோ வாங்கி, நல்லாத் தொவச்சு வெயில்ல காய வெச்சு, உள்ளங்கை அளவுக்கு வெட்டி வெச்சுக்கோங்க. கெளம்பறப்ப பத்து பதினஞ்சு துணிய காய்ச்சி ஆறுன தண்ணில நனைச்சுப் புழிஞ்சு ஒரு டப்பால போட்டுட்டா போதும், அத்தன மெதுவா இருக்கும். அன்னன்னைக்கு நனைக்கோணும், நேத்து நனைச்சத இன்னிக்கு எடுத்துட்டுப் போகாதீங்க.

மாத்தறப்ப மேல ஒரு துண்டப் போட்டு மறைச்சுக்கோங்க. இது நாத்தத்துக்காக இல்ல, இப்ப எல்லாரு கைலயும் கேமரா இருக்குது, நம்ம புள்ளைய எவனும் படம் புடிச்சுறக்கூடாது.


ஜன்னல்_சீட்டு

நான் கொஞ்சம் எதிர்ப்பக்கம் பேசறேன், யாரும் தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கும் அக்கா புள்ளைக எல்லாம் உண்டு. எங்கப்பாவுக்கு சிகிச்சைக்காக மாசத்துல ரெண்டு மூணு தடவை தாராபுரத்துல இருந்து கோயமுத்தூரு கூட்டிட்டுப் போறேன். திரும்பி வர்றப்ப அவருக்கு சாம்பார் வாசம் பட்டாலே கொமட்டும். போன முறை முன்சீட்ல ஒரு அம்மா சொல்லாம கொள்ளாம டயப்பரத் தொறந்துட்டாங்க, அவரு வாந்தி எடுத்து, ஒடம்பு நடுங்கி, பல்லடம் வர்ற வரைக்கும் தலைய நிமுத்தவே இல்ல. அந்த அம்மா மேல எனக்குக் கோவம் இல்லீங்க. ஒரே ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருந்தா நான் அப்பாவக் கூட்டிட்டு முன்னாடி போயி உக்காந்திருப்பேன், எடம் காலியாத்தான் இருந்துச்சு. மாத்தி முடிச்சதும் அத சீட்டுக்கு அடில வெச்சுட்டு எறங்கிட்டாங்க, அதுதான் எனக்கு ஆறவே இல்ல.

அதனால மாத்துங்க, யாரு வேண்டாங்கறா. ஆனா சொல்லிட்டு மாத்துங்க, ஜன்னலத் தொறந்துட்டு மாத்துங்க, யாராச்சும் சாப்புட்டுக்கிட்டு இருந்தா அவங்க கைகழுவற வரைக்கும் ரெண்டு நிமிசம் பொறுங்க, எறங்கறப்ப எடுத்துட்டுப் போங்க. அந்தப் பெரியவரு பேசுன பேச்சு எனக்கும் சம்மதம் இல்ல.


காங்கயம்_அப்பத்தா

என்ற பேத்தி இத வாசிச்சுக் காட்டுச்சு, நான் சொல்லச் சொல்ல அதுதான் டைப் அடிக்குது. கண்ணு, உங்க மாமியாரு சொல்றத நீ தள்ளாத, ஆனா பஸ்ஸுக்கு மட்டும் கேக்காத. ஊட்டுல இருக்கறப்ப துணிதான் கண்ணு நல்லது, பழைய வேட்டியக் கிழிச்சு முக்கோணமா மடிச்சுக் கட்டிட்டா காத்தோட்டமா இருக்கும், தேங்காயெண்ணெய் ஒரு சொட்டு தடவிட்டா புண்ணாகாது. பஸ்ல துணி கட்டிட்டுப் போனீன்னா ஒருக்கா ஒண்ணுக்குப் போனாலே உன்ற சீலை நனையும், பக்கத்துல இருக்கற பொம்பளையோட சீலையும் நனையும், அப்பறம் சண்டை வராம என்ன பண்ணும். நாங்க அந்தக் காலத்துல வேற வழியில்லாம அப்படித்தான் போனோம். அப்ப பக்கத்துல இருக்கறவங்க "கொடு சாமி"ன்னு கொழந்தைய வாங்கி வெச்சுக்குவாங்க, நாம துணிய மடிச்சு ஓரமா வெச்சுட்டு வாங்கிக்குவோம். இப்பவும் கேட்டா வாங்குவாங்க கண்ணு. யாரும் கேக்கறதில்ல. வயசான பொம்பளைகளாப் பாத்து பக்கத்துல உக்காரு, அவங்க புள்ள பெத்தவங்க, அவங்களுக்கு நாத்தம் புதுசில்ல.

ஆனா அந்தப் பொண்ண நடுவழில எறங்க உட்டாங்களே, அத்தன பேரு உக்காந்திருந்து ஒருத்தரு கேக்கலியே, அதுதான் எனக்கு மனசு ஆறல.


சிஸ்டர்_ஈரோடு

நான் ஆஸ்பத்திரில கொழந்தைங்க வார்டுல நர்ஸா இருக்கேன். சில விசயம் தெளிவா சொல்லிடறேன் ஏன்னா இதுல நெறைய பேரு குழப்பிக்கறாங்க.

ஒண்ணுக்கு மட்டும் போயிருந்தா அவசரம் இல்லீங்க. டயப்பருக்குள்ள சோடியம் பாலிஅக்ரிலேட்னு ஒரு பொடி இருக்குது, அது தண்ணிய உறிஞ்சி ஜெல்லா மாறிரும், அதனால தோல் ஓரளவு காஞ்சே இருக்கும். ரெண்டு மூணு மணி நேரப் பயணத்துக்கு அது தாங்கும், ஊருக்குப் போயி மாத்திக்கலாம், நடுவழில அதுக்காகத் தொறந்து எல்லாரையும் சங்கடப்படுத்த வேண்டியதில்ல. ஆனா மலம் போயிருந்தா காத்திருக்கவே கூடாது. மலத்துல இருக்கற என்சைம் மூத்திரத்தோட சேந்ததும் தோலை அரிக்க ஆரம்பிச்சுரும், ஈரத்துல ஊறுன தோலு உரசவும் செய்யும், அரை மணி நேரத்துலயே செவந்து போற கொழந்தைங்கள நான் பாத்திருக்கேன். அதனால "நாலு பேரு என்ன நெனப்பாங்க"ன்னு ஒரு மணி நேரம் அப்படியே மடில வெச்சுட்டு வராதீங்க. அங்க மொதல்ல பாக்க வேண்டியது கொழந்தையத்தான்.

கெளம்பறதுக்கு முன்னாடி ஜிங்க் ஆக்சைடு இருக்கற கிரீம் மெல்லிசா தடவி விட்டுட்டா அது ஒரு மறைப்பு மாதிரி நிக்கும். பவுடர் வேண்டாம், பஸ் காத்துல பறந்து கொழந்தையோட மூச்சுக்குள்ள போயிடும்.

அப்புறம் கை. எல்லாரும் சானிடைசர் ஒரு சொட்டு தேச்சுட்டு முடிஞ்சுதுன்னு நெனக்கறாங்க. கைல அழுக்கு கண்ணுக்குத் தெரியற மாதிரி இருந்தா சானிடைசர் சரியா வேலை செய்யாதுங்க. ஒரு சின்ன பாட்டில்ல சோப்புத் தண்ணியும் இன்னொரு பாட்டில்ல வெறும் தண்ணியும் வெச்சுக்கோங்க, ஈரத்துணில நல்லா துடைச்சுட்டு எறங்குனதும் கழுவுங்க. வயித்துப்போக்குக் கிருமிங்க இப்படிக் கை வழியாத்தான் பரவுது. ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து 6, 10, 14 வாரத்துல போட்டிருப்பீங்க, போட்டிருந்தாலும் கை சுத்தம் வேணும். கையக் கழுவாம கம்பியப் புடிச்சா அடுத்து அதப் புடிக்கற கொழந்தைக்கும் சேத்துதான் போகுது.

இன்னொண்ணு, சித்திரை வெயில்ல பஸ்ல போறப்ப டயப்பர் ரொம்ப நேரம் காஞ்சே இருக்குதேன்னு சந்தோசப்படாதீங்க. ஒரு நாளைக்கு ஆறு தடவையாச்சும் நனையோணும். ஏழு மாசக் கொழந்தை அஞ்சாறு மணி நேரமா ஒண்ணுக்கே போகலைன்னா தண்ணி பத்தலைன்னு அர்த்தம், பால் கொடுத்துக்கிட்டே வாங்க.


ரெண்டு_புள்ளைக்கு_அப்பன்

எல்லாரும் அம்மாங்களுக்கே சொல்றீங்க, அப்பனுங்க தனியா கொழந்தையத் தூக்கிட்டுப் போற நேரமும் இருக்குதுங்க. என்ற சம்சாரம் ரெண்டாவது பிரசவத்துல ஆஸ்பத்திரில இருந்தப்ப மூத்தவன நான்தான் ஊருக்கும் கோயமுத்தூருக்கும் பஸ்ல தூக்கிட்டு அலைஞ்சேன். 2015ல தமிழ்நாடு பூராவும் பஸ் ஸ்டேண்டுகள்ல தாய்ப்பாலூட்டும் அறை கட்டுனாங்க, அது பெரிய காரியம், அதக் குறை சொல்லவே மாட்டேன், எத்தன தாய்மாருக்கு அது நெழலா இருக்குது. ஆனா அதுக்குள்ள ஆம்பளை போகக்கூடாது, போகவும் கூடாதுங்க, அங்க பால் குடுத்துட்டு இருப்பாங்க. அப்ப நான் எங்க மாத்தறது? ஆம்பளைங்க கட்டணக் கழிப்பிடத்துக்குள்ள தரை பூரா தண்ணி, கொழந்தையப் படுக்க வெக்க ஒரு திண்டு கெடையாது. கடைசில வெளிய சிமெண்டு பெஞ்சுல வெச்சு மாத்துனேன், போறவன் வர்றவன் எல்லாம் வேடிக்கை பாத்தான். பூ விக்கற ஒரு ஆத்தா எந்திரிச்சு வந்து அவங்க முந்தானைய விரிச்சு மறைச்சு நின்னாங்க, முடியற வரைக்கும் நகரவே இல்ல.

என்ற கோரிக்கை ஒண்ணுதான். அந்த அறைக்கு வெளிச்செவுத்துல, இடுப்பு ஒசரத்துக்கு ஒரு கடப்பாக்கல்லு, மூணு பக்கம் சின்னத் தடுப்பு, பக்கத்துல ஒரு கொழா, ஒரு குப்பைத்தொட்டி. இதுக்கு எத்தன செலவாகும்? ஒரு மேடை இருந்தா முக்காவாசிப் பேரு பஸ்ல ஏறறதுக்கு முன்னாடியே மாத்திருவாங்க, வண்டிக்குள்ள இந்தச் சண்டையே வராது. எங்க ஊரு நகராட்சில மனு குடுத்திருக்கறேன், இத வாசிக்கறவங்க அவங்கவங்க ஊர்லயும் குடுங்க. கவுன்சிலருகிட்ட நேர்ல போயி குடுத்தா இன்னும் நல்லது.


கோபி_செல்வி

அண்ணா சொன்னது நூத்துக்கு நூறு. மேடை வெச்சா அதுல "தாய்மார்களுக்கு"ன்னு மட்டும் எழுதாம "குழந்தையுடன் வருபவர்களுக்கு"ன்னு எழுதச் சொல்லுங்கண்ணா.


பொள்ளாச்சிக்காரி

குப்பை விசயம் நான் சொல்றேன். எங்கம்மா ஒரு பஸ் ஸ்டேண்டுல தூய்மைப் பணியாளரா இருந்து ரிட்டயர்டு ஆனவங்க. டயப்பர்னாலே அவங்களுக்கு மொகம் மாறிரும். பெஞ்சுக்குப் பின்னாடி, செடித்தொட்டிக்குள்ள, கழிப்பிடத்து ஜன்னல் மேல, எங்கெங்கயோ சொருகி வெச்சுட்டுப் போயிருப்பாங்களாம். தொறந்தபடி கெடக்கறத நாய் இழுத்து நடுவுல போட்டுரும், மழை பேஞ்சா அந்த ஜெல்லு ஊதி வெடிச்சு தரை பூரா வழவழன்னு பரவிக் கெடக்கும், வெளக்குமாத்துல கூட்டவும் வராது, தண்ணி ஊத்துனா இன்னும் ஊதும். கைல அள்ளித்தான் போடோணும். அத எங்கம்மா அள்ளியிருக்காங்க, பல நாளு கையுறை இல்லாம.

கக்கூஸ்ல போட்டு தண்ணி ஊத்திறலாம்னு மட்டும் நெனக்காதீங்க, குழாய்க்குள்ள போயி ஊதி அடைச்சுக்கும், அப்பறம் அந்தக் கழிப்பிடத்தப் பூட்டிப் போட்டுருவாங்க, பொம்பளைங்க எல்லாரும் கஷ்டப்படோணும்.

சரியான முறை என்னன்னா, மலம் கெட்டியா இருந்தா மொதல்ல அத கக்கூஸ்ல தட்டி உட்டுருங்க. டயப்பர உள்பக்கமா இறுக்கமா சுருட்டி அதோட ஒட்டற பட்டையாலயே ஒட்டி, நியூஸ்பேப்பர்ல சுத்தி, கவர்ல போட்டு முடிச்சுப் போடுங்க. 2016ல வந்த திடக்கழிவு மேலாண்மை விதிலயே இத எழுதியிருந்தாங்க, டயப்பரும் நாப்கினும் நல்லா சுத்தித்தான் குப்பைல போடோணும், சுத்தறதுக்கு பை கம்பெனிக்காரங்களே தரோணும்னு கூட எழுதியிருந்துச்சு. பை வந்தாலும் வராட்டியும் பேப்பர் நம்ம ஊட்டுல இருக்குது. பஸ் ஸ்டேண்டுல தொட்டி இருந்தா உள்ளாற போடுங்க, தொட்டி நெறஞ்சு வழிஞ்சா பக்கத்துல வெக்காதீங்க, ஊட்டுக்கே கொண்டு போங்க. மூடி இறுக்கமா இருக்கற ஒரு பிளாஸ்டிக் டப்பா வெச்சுக்கிட்டா துளி வாசம் வெளிய வராது. எங்கக்கா பழைய மாவு டப்பா ஒண்ணு இதுக்குன்னே வெச்சிருக்குது. ஊட்டுல இருந்து குப்பை வண்டிக்குப் போடறப்ப தனியாக் குடுத்து "டயப்பருங்கா"ன்னு ஒரு வார்த்தை சொல்லிக் குடுங்க, பிரிக்கறவங்க தெரியாம கை வெச்சுறக்கூடாது.


புதுஅம்மா_திருப்பூர்

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. அப்பத்தா, உங்க பதில எங்க மாமியாருகிட்ட வாசிச்சுக் காட்டுனேன், "அவங்க சொன்னா செரியாத்தான் இருக்கும், பஸ்ஸுக்கு டயப்பரே போடு"ன்னுட்டாங்க. ரப்பர் ஷீட்டும் மூடி போட்ட டப்பாவும் எடுத்து வெச்சுட்டேன். ஜன்னல்_சீட்டு அண்ணா, அப்பாவுக்கு சீக்கிரம் ஒடம்பு தேறோணும்னு வேண்டிக்கறேன், நான் கட்டாயம் சொல்லிட்டுத்தான் தொறப்பேன்.

இன்னொரு கேள்வி. அடுத்த மாசம் சொந்தத்துல ஒரு கல்யாணத்துக்கு சேரன் எக்ஸ்பிரஸ்ல மெட்ராஸ் போறோம், ஸ்லீப்பர்ல. ராத்திரி வண்டில எல்லாரும் தூங்கிட்டு இருப்பாங்களே, அங்க என்ன பண்றதுங்க? பாத்ரூம்ல வெச்சு மாத்த முடியுமா?


மெட்ராஸ்ல_இருக்கற_கோவைக்காரன்

அந்த வண்டில எம்பொண்ணோட நெறைய வாட்டி போயிருக்கறேன் அதனால சொல்றேனுங்க. பாத்ரூம்ல வேண்டாம். எடமும் இல்ல, தரை ஈரம், வண்டி வேற ஆடும், ஒரு கைல கொழந்தை ஒரு கைல டயப்பர்னு நின்னுக்கிட்டு வழுக்கி உழுந்தா யாரு பொறுப்பு. கீழ் பெர்த்துதான் சரியான எடம். டிக்கெட் போடறப்பவே கீழ் பெர்த்து கேளுங்க. 5 வயசுக்குக் கீழ பாப்பாவுக்கு டிக்கெட் இல்ல, ஆனா தனி பெர்த்தும் இல்ல, உங்க பெர்த்துலதான் படுக்க வெக்கோணும், செவுத்துப்பக்கம் பாப்பா வெளிப்பக்கம் நீங்க.

திருப்பூர்ல ஏறறதுக்கு முன்னாடி பிளாட்பாரத்துல உக்காந்தே ஒரு தடவை மாத்தி, ராத்திரிக்குன்னு ஒரு சைஸ் பெருசாப் போட்டுருங்க. பாதிப் பேருக்கு அதோட காலைல வரைக்கும் வேலையே இருக்காது. மீறி ராத்திரில போயிட்டா பெரிய லைட்டப் போடாதீங்க, எட்டு பேரும் எந்திரிச்சிருவாங்க. போன் டார்ச்ச துணில மூடி பெர்த்து மேலயே கவுத்து வெச்சா அந்த வெளிச்சம் போதும். எதுத்த பெர்த்துல முழிச்சிருக்கறவங்க இருந்தா ஒரு வார்த்தை சொல்லிருங்க, நாங்க சொன்னப்ப ஒரு தாத்தா அவரே டார்ச்சப் புடிச்சாரு.

இப்ப எல்லா வண்டிலயும் பயோ டாய்லெட்டு. கீழ இருக்கற தொட்டில பாக்டீரியாதான் மலத்தக் கரைக்குது, அதுக்குள்ள டயப்பரு, துணி, பாட்டில் எதப் போட்டாலும் அடைச்சுக்கும், அந்த டாய்லெட்டு ஊரு போயிச் சேர்ற வரைக்கும் வேலைக்காகாது, நாலஞ்சு மணி நேரம் பொட்டி முழுக்க நாறும். உள்ளாறயே போர்டு எழுதி வெச்சிருக்காங்க, இருந்தும் போடறாங்க. பொள்ளாச்சிக்காரி சொன்ன மாதிரி சுத்தி, வாஷ்பேசின் பக்கத்துல இருக்கற தொட்டில போடுங்க, இல்லாட்டி டப்பாலயே வெச்சுக்கிட்டு சென்ட்ரல்ல எறங்கிப் போடுங்க. பெர்த்துக்கு அடில வெச்சு மறந்துறாதீங்க, பையெல்லாம் அங்கதான் இருக்கும்.

காலைல ஒண்ணு. காட்பாடி தாண்டிட்டா எல்லாரும் எந்திரிச்சு வாஷ்பேசினுக்கு வரிசை கட்டிருவாங்க, அரக்கோணத்துக்கு அப்பறம் தண்ணியும் சில சமயம் தீந்து போகும். அதனால காட்பாடில வண்டி நிக்கறப்பவே பாப்பாவுக்கு மாத்தி, கையக் கழுவி, ஒரு பாட்டில் தண்ணி தனியா எடுத்து வெச்சுக்கோங்க.